எஞ்சின் ஆறும் வரை

எஞ்சின் சூடாக இருந்தது. காவேரி வைத்த கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள். மணி ஒன்பதுகூட ஆகவில்லை. தென்னை நிழல் வண்டியின் மேல்தான் கிடந்தது. வெயில் பட்டுச் சூடேறியிருக்க வழியே இல்லை.

"ஏனுங்க, இங்க வந்து கைய வெச்சுப் பாருங்க" என்று புருஷனைக் கூப்பிட்டாள்.

ரத்தினவேல் அதற்குள் டிராக்டரைச் சுற்றி இரண்டு வட்டம் வந்துவிட்டான். முகமெல்லாம் பல். குட்டி டிராக்டர், நீல நிறம், மஞ்சள் செடி வரிசைக்கு நடுவில் புகுந்து வருகிற அகலம். கல்யாணப் பெண்ணைப் பார்க்க வந்தவன் மாதிரி நின்றுகொண்டிருந்தான் மனுஷன்.

"என்ன புள்ள?"

"வெச்சுத்தான் பாருங்களே."

வைத்துப் பார்த்தான். "சூடாத்தான் இருக்குது. அதுக்கென்ன?"

அதுக்கென்னவா! கொள்ளேகாலில் மெக்கானிக் மனோஜ்குமார் படித்துப் படித்துச் சொன்னது இந்த ஆளின் ஒரு காதில் ஏறி இன்னொரு காதில் இறங்கிவிட்டது. 'பழைய வண்டி பாக்கப் போனா, மொதல்ல எஞ்சின் மேல கை வையுங்கக்கா. நீங்க போறதுக்கு முன்னாடியே சூடா இருந்தா அதுல ஏதோ மர்மம் இருக்குதுன்னு அர்த்தம். தேஞ்ச எஞ்சினு குளுந்து கெடந்தா லேசுல கெளம்பாது. அதனால வித்துப்போடறவன் விடியக்காலம் ஓட்டிச் சூடு பண்ணி வெச்சிருப்பான். நீங்க வந்ததும் சாவியத் திருகுனா டக்குனு எடுத்துக்கும். நீங்களும் ஏமாந்து வாங்கிட்டு வந்துருவீங்க.'

அந்த மர்மம்தான் இப்போது உள்ளங்கையில் சுட்டது.

விற்கிறவர் பராசரன். அறுபத்தெட்டு வயசு, நெற்றியில் கோபிச்சந்தனம், காலில் ரப்பர் பூட்ஸ். மைசூர் அக்ரஹாரத்தில் வீடு. வருணா தாண்டி நரசிபுரா ரோட்டை ஒட்டி இருக்கிற இந்த ஒன்றரை ஏக்கர் தோப்பை லேஅவுட்காரனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். தென்னைக்கு நடுவே மனை பிரிக்கும் சைட் கல்லும் நட்டாகிவிட்டது. தோப்பு போனபின் டிராக்டர் எதற்கு என்று இணையத்தில் படம் போட்டிருந்தார். மைசூரில் நர்சிங் படிக்கும் மகள் வைஷாலிதான் அதைப் பார்த்து அம்மாவுக்கு அனுப்பினாள். ஆள் தமிழ் பேசுவார் என்று போனில் தெரிந்தபோதே காவேரிக்கு ஒரு மாதிரியாக இருந்தது. ஊர்விட்டு ஊர் வந்த இடத்தில் நம் பாஷை பேசி நெருங்குகிறவனிடம்தான் மடியை இறுக்கிக் கட்டிக்கொள்ள வேண்டும் என்பது அவள் கட்சி.

"சாமி, வண்டியக் காலைல ஓட்டுனீங்களா?" என்று கேட்டாள்.

பராசரன் ஒரு கணம் தோப்புப் பக்கம் பார்த்தார். "ஸ்வல்ப, கொஞ்சந்தான் ஓட்டினேம்மா. சும்னே ஒரு ரவுண்டு."

"எதுக்குங்க?"

"எதுக்குன்னா... ஓட்டற வண்டிதானே. ஓட்டினேன்."

கேட்ட கேள்விக்கு இது பதிலா? காவேரி குனிந்து டயரைப் பார்த்தாள். ஒரு ரவுண்டு ஓட்டிய டயராகத் தெரியவில்லை. ஈரச் சேறு அச்சு அச்சாக அப்பியிருந்தது. தோப்பின் அந்தக் கோடிவரை மண் கிளறிக் கிடந்தது. பின்சக்கர மட்கார்டில் ஓரிடத்தில் மட்டும் நீலம் பளபளவென்று புதுசாக இருந்தது. நகத்தால் சுரண்டினாள். அடியில் ஒரு நெளிசல்.

"இது என்னங்க சாமி, அடி வாங்குன வண்டியா?"

"தென்னமரத்துல இடிச்சேன்" என்றார் அவர். "ஒரு தடவ."

ரத்தினவேல் சாவிக்குக் கையை நீட்டினான். "ஸ்டார்ட் பண்ணிப் பாக்கலாங்களா?"

"வேண்டாங்க" என்றாள் காவேரி. "எஞ்சின் ஆறட்டும்."

"ஆற மூணு நாலு மணி நேரம் ஆகும்மா" என்றார் பராசரன்.

"ஆகட்டுங்க. நாங்க இருக்கறோம்."

சொல்லிவிட்டு ஒரு சைட் கல்லின் மேல் உட்கார்ந்தேவிட்டாள். மடியில் மஞ்சள் விற்ற பணம் கனத்தது. காலை நாலரைக்குத் தங்கள் ஊரான மார்டள்ளியில் பஸ் ஏறியவர்கள். வயிற்றில் கொள்ளேகால் பஸ்ஸ்டாண்டுக் காபியைத் தவிர ஒன்றுமில்லை. இருந்தாலும் நகருவதாக இல்லை.

அவள் உட்கார்ந்ததற்குக் காரணம் இருந்தது. முந்தாநாள் மார்டள்ளியில் முதல் மழை பெய்தது. நாலரை ஏக்கர் மானாவாரிக் காடு நனைந்து உழவுக்குப் பதமாகக் கிடக்கிறது. இந்த ஈரம் தாங்கினால் இன்னும் நாலு நாள். அதற்குள் உழுது மக்காச்சோளம் போட்டால்தான் உண்டு. மூன்று வருஷத்துக்கு முன் எருதுகளை விற்றதிலிருந்து உழவுக்கு ரத்தினவேலின் அண்ணன் உதயகுமாரின் பெரிய டிராக்டர்தான் கதி. அவர் கூலி வாங்கமாட்டார். வினையே அதில்தான். கூலி கொடுத்தால் அதட்டிக் கேட்கலாம். சும்மா வருகிற வண்டியை எந்த வாயால் சீக்கிரம் வா என்பது? ஊர்க்காடெல்லாம் காசுக்கு உழுது முடித்து, ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ, மண் ஓடாக இறுகினபிறகு தம்பி காட்டுக்கு வருவார். போன வருஷம் போட்ட விதையில் பாதி முளைக்கவில்லை. அதற்கு முந்தின வருஷமும் அதே கதைதான். வேறு வண்டிக்காரனைக் கூப்பிட்டாலோ, 'உங்கண்ணன் வண்டி இருக்கறப்ப நாங்க வந்தா நல்லாருக்காதுங்க' என்று நழுவிவிடுவான். இன்னொரு விதைப்புப் பட்டம் தவறினால் காட்டை உதயகுமாரிடமே வாரத்துக்கு விட்டுவிட்டு மைசூரில் கட்டட வேலைக்கு வரவேண்டியதுதான். அவர் எதிர்பார்ப்பதும் அதுதானோ என்று காவேரிக்கு நெடுநாளாகச் சந்தேகம்.

அதனால்தான் கிளம்பும் முன் புருஷனிடம் திட்டமாகச் சொல்லியிருந்தாள். வண்டி ஊருக்குள் வந்து நிற்கிறவரை ஒரு குஞ்சுக்கும் தெரியக்கூடாது என்று.

வெயில் ஏறியது. பராசரன் ஆளுக்கொரு இளநீர் வெட்டிக் கொடுத்தார். கொடுத்துவிட்டு எதிரே பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு விசாரிக்க ஆரம்பித்தார்.

"காடு உங்க பேர்ல இருக்கா?"

"எங்கப்பன் பாகம் பிரிச்சுக் குடுத்ததுங்க" என்றான் ரத்தினவேல்.

"பத்திரம் கொண்டுவந்திருக்கேளா?"

"வண்டி வாங்க வர்றவங்க காட்டுப் பத்திரத்த எதுக்குங்க தூக்கிட்டு வரோணும்?" என்றாள் காவேரி.

"சும்மாத்தான் கேட்டேன். ஈரோட்டுப் பக்கம் உங்களுக்கு யாராவது இருக்காளா? வண்டி வியாபாரம் பண்றவா?"

"யாருமில்லீங்க."

"வாங்கி மறுபடி விக்கற எண்ணம் ஒண்ணும் இல்லியே?"

காவேரிக்குச் சுருக்கென்றது. காசு கொடுத்து வாங்குகிறவர்கள் விற்றால் இவருக்கென்ன, தூக்கி அடுப்பில் வைத்தால் இவருக்கென்ன? போதாக்குறைக்கு மனுஷர் பேசும்போதெல்லாம் ரத்தினவேலின் முகத்துக்கு அருகில் முகத்தைக் கொண்டுபோய் மூக்கை உறிஞ்சினார். ஒருமுறை இல்லை, மூன்று முறை. ரத்தினவேல் சங்கடப்பட்டு வாயைத் துடைத்துக்கொண்டான்.

"இதுக்கு முன்னாடி டிராக்டர் ஓட்டிக் கவுத்திருக்கேளா?"

"நானுங்களா? இல்லீங்க சாமி."

"நெஜமா?"

"அட, நெஜந்தானுங்க!"

"அட்வான்ஸ் வாங்கிக்கறீங்களா சாமி?" என்று காவேரி குறுக்கே ஒரு தூண்டில் போட்டுப் பார்த்தாள். விற்கத் துடிக்கிறவன் வாங்கிக்கொள்வான்.

"இல்லம்மா, இப்ப வேண்டாம். சாயங்காலம் வரைக்கும் பாக்கலாம்."

"சாயங்காலம் என்னங்க?"

"சாயங்காலம்... சாயங்காலந்தான்."

இவர் எதையோ மறைக்கிறார் என்று அவளுக்கு உறுதியாகிவிட்டது. வண்டி திருட்டு வண்டியோ? பாங்கில் கடன் நிற்கிறதோ? ஆர்.சி. புத்தகத்தை வாங்கி எஞ்சின் நம்பரை எழுத்தெழுத்தாக விரல் வைத்து ஒத்துப் பார்த்தாள். சரியாக இருந்தது. சரியாக இருந்ததும் அவளுக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. குற்றம் கிடைத்தால் எழுந்து போய்விடலாம். கிடைக்கவும் மாட்டேன் என்கிறது, மனசு ஒப்பவும் மாட்டேன் என்கிறது.

பன்னிரண்டரைக்கு ஸ்கூட்டரில் பராசரனின் மனைவி பத்மாஸினி வந்து இறங்கினாள். மடிசார் இல்லை, சாதாரணப் புடவைதான். தலையில் ஹெல்மெட், முன்னால் இரண்டு தூக்கு. புளியோதரையும் தயிர்சாதமும் வாழையிலையில் வைத்தாள். காவேரி வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தாள். புளிக்காய்ச்சல் வாசனைக்கு வயிறு காட்டிக்கொடுத்துவிட்டது.

"தென்னமரத்துல இடிச்ச கதையச் சொன்னாரா?" என்றாள் பத்மாஸினி.

"ஒரு தடவ இடிச்சேன்னு சொன்னாருங்க."

"ஒரு தடவயா! மூணு தடவ. அதே மரம். மரம் குறுக்க வந்துடுத்துன்னு ஆத்துல வந்து சொல்றார் எங்கிட்ட."

காவேரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த நெளிசல் ஒரு வழியாக விளங்கியது. அந்த அம்மாள் இன்னொரு கரண்டி புளியோதரையை அவள் இலையில் வைத்துக்கொண்டே, "நிதானமா சாப்பிடுங்கோ. காலம்பர வந்தவர் காபியப் பாதி வெச்சுட்டு ஓடிட்டார். அவரும் உங்க ஊர்தானே?" என்றாள்.

பராசரன் பலமாக இருமினார்.

"எங்க ஊரா? யாருங்கம்மா?"

"பேர் தெரியல. காபி கொண்டுவந்து நானும் அப்ப இங்கதான் இருந்தேன். ஆறரைக்கெல்லாம் பைக்ல வந்து நின்னார். வண்டிய அந்தக் கோடி வரைக்கும் விரட்டு விரட்டுன்னு விரட்டினார். நம்பர்கூட அதோ அந்தத் தகரக் கதவுல எழுதிட்டுப் போனாரே."

பராசரன் இன்னொரு தடவை இருமினார். "என்னன்னா இருமல் உங்களுக்கு? தண்ணி குடிங்கோ" என்றாள் பத்மாஸினி.

காவேரி இலையை விட்டு எழுந்தாள். மோட்டார் கொட்டகையின் தகரக் கதவில் சாக்பீஸால் பத்து எண்கள். முழுசாகப் படிக்கவே வேண்டியிருக்கவில்லை. ஒவ்வொரு உழவுப் பருவத்திலும், 'இன்னைக்கு வருவீங்களா, நாளைக்காச்சும் வருவீங்களா' என்று அழுத்தி அழுத்தி விரலுக்கே மனப்பாடமான நம்பர் அது. உதயகுமாரின் நம்பர்.

கையைக் கழுவிவிட்டு, புருஷனைக் கண்ணால் கூப்பிட்டுக் கொட்டகைக்குப் பின்னால் போனாள்.

"யாருகிட்டச் சொன்னீங்க?"

"என்னத்த?"

"வண்டி பாக்க வர்றத."

ரத்தினவேல் கால் கட்டைவிரலால் மண்ணைக் கீறினான். "அண்ணங்கிட்ட மட்டுந்தான் புள்ள."

"மட்டுந்தான்!"

"அவருகிட்டச் சொல்லாம எப்புடி? அப்பன் போனதுல இருந்து ஒரு கன்னுக்குட்டி வாங்குனாக்கூட அவரு வார்த்த வாங்கிட்டுத்தான வாங்குனோம்? மாடு புடிச்சா அவரு வந்து கயித்தத் தொட்டுக் குடுக்கோணும். இம்மாம் பெரிய வண்டி வாங்கறப்போ அவரு காதுல போடலீன்னா மனசு கேக்குமா? நேத்து ராத்திரி போன் பண்ணி, வார்த்த குடுங்கண்ணான்னு கேட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"நல்லாருடான்னாரு. பளைய வண்டி, பாத்து வாங்குன்னாரு. போட்டோ அனுப்பச் சொன்னாரு. எடங் கேட்டாரு."

"குடுத்தீங்க."

"குடுத்தேன்."

"அந்தக் கதவுல இருக்கற நம்பரப் பாருங்க."

எட்டிப் பார்த்தான். உதடு அசைத்து ஒவ்வொரு எண்ணாகப் படித்தான். கடைசி எண்ணுக்கு வந்தபோது முகத்தில் ரத்தமே இல்லை. அவனைப் பார்க்க அவளுக்குப் பாவமாகவும் இருந்தது, இரண்டு அறை விடலாம் போலவும் இருந்தது. விடியாத நேரத்தில் நாம் பஸ்ஸுக்கு நிற்கும்போது நம்மைத் தாண்டித்தான் அந்த பைக் போயிருக்கும் என்று நினைத்ததும் அழுகை முட்டியது. இத்தனை நேரம் யாரைச் சந்தேகப்பட்டோம், கூடவே வந்த ஆளை விட்டுவிட்டு!

"எதுக்கு வந்தாரு? நமக்கு வாங்கிக் குடுக்கத்தான் வந்திருப்பாரோ என்னமோ" என்றான் ரத்தினவேல். அவன் குரலுக்கே அதில் நம்பிக்கை இல்லை.

காவேரி நேரே பராசரனிடம் வந்தாள். "சாமி, காலைல வந்தவரு இவருகூடப் பொறந்த அண்ணன். என்ன சொன்னாருன்னு மறைக்காமச் சொல்லிப்போடுங்க. எங்க பொழப்பு இதுல இருக்குது."

பராசரன் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "கூடப் பொறந்தவரா? ஊர்க்காரர்ன்னுதானே சொன்னார்!"

"வேற என்ன சொன்னாரு?"

"தான் வந்தத உங்ககிட்டச் சொல்லாதீங்கோ, ஊர்ல சண்டையாயிடும்னார். சரின்னு வாக்குக் குடுத்துட்டேன், அதான் வாயத் திறக்கல. நீங்க ஈரோட்டு புரோக்கரோட ஆளாம். இவர் குடிப்பாராம். குடிச்சுட்டு வண்டியக் கவுத்து ஒரு ஆளுக்கு இடுப்பு போயிடுத்தாம். தனக்குக் குடுத்தா பத்தாயிரம் மேல தரேன், பணம் எடுத்துண்டு அஞ்சு மணிக்கு வரேன்னார்."

"அதுக்குத்தான் இவரு வாய மோந்து பாத்தீங்களா?"

"பின்ன? என் வண்டியால ஒருத்தர் இடுப்பு போனா அந்தப் பாவம் எனக்கு வேண்டாம்."

"கல்யாணத்துல சோடா குடுத்தாலே வேண்டாம்னு சொல்ற மனுசனுங்க இவரு!" என்றாள் காவேரி. அதற்குமேல் அடக்க முடியவில்லை. ஒன்பதாம் நாள் உழவு, முளைக்காத விதை, வாங்காத கூலி, எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பத்மாஸினி நடுநடுவே கன்னடத்தில் யாரையோ சபித்தாள்.

எல்லாம் கேட்டபின்னும் பராசரனின் நெற்றிச் சுருக்கம் போகவில்லை. "நீங்க சொல்றத மட்டும் எப்படிம்மா நம்பறது? அவரும் அழாத குறையாத்தான் சொன்னார்."

"நம்ப வேண்டாங்க. மொதல்ல எஞ்சினப் பாப்போம்."

கையை வைத்தாள். கிணற்றுக் கல் மாதிரி சில்லென்று இருந்தது. மணி ஒன்றேமுக்கால். ரத்தினவேல் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகினான். ஒரே திருகில் எடுத்துக்கொண்டது. ஒரு வாய் வெள்ளைப் புகை, அப்புறம் அதுவும் இல்லை. படபடவென்று ஒரே சீரான சத்தம்.

"ஓட்டிக் காட்டுங்கோ" என்றார் பராசரன். "அந்தக் கடைசி வரிசையில போய், திரும்பி, கலப்பைய எறக்கி உழுதுண்டு வரணும். ஒரு மரத்துல படக்கூடாது."

ரத்தினவேல் போனான். அண்ணன் வண்டியை ராவும் பகலும் ஓட்டிக்கொடுத்த கை அது. குறுகிய இடைவெளியில் திரும்பி, சைட் கல்லுக்கும் தென்னைக்கும் நடுவே கோடு போட்டமாதிரி உழுதுகொண்டு வந்தான். மரம், கல், எதிலும் ஒரு கீறல் இல்லை. காலையில் உதயகுமார் கிளறிப் போட்ட இடத்தில் மட்டும் ஒரு சைட் கல் சாய்ந்து கிடந்தது. பராசரன் அதை இப்போதுதான் பார்க்கிறார் போலிருக்கிறது. கிட்டே போய் நிமிர்த்தி வைத்தார்.

"ஆர்.சி. யார் பேர்லம்மா மாத்தணும்?" என்றார் திரும்பி வந்து.

"அவ பேருல எழுதுங்க சாமி" என்றான் ரத்தினவேல், வண்டியிலிருந்து இறங்காமலே.

"அவரு பத்தாயிரம் மேல தர்றேன்னாருங்களே" என்று காவேரியே எடுத்துக் கொடுத்தாள். பாழாய்ப்போன வாய், சந்தேகம் தெளிகிறவரை சும்மா இருக்காது.

"எங்கிட்டயும் வாக்குன்னு ஒண்ணு இருக்கும்மா. போன்ல மொதல்ல சரின்னு சொன்னது உங்ககிட்ட. ஆனா அவர் அஞ்சுக்கு வருவார். அதுக்குள்ள கொண்டுபோயிடுங்கோ. எனக்குச் சண்டை ஆகாது."

அப்புறம் நடந்ததெல்லாம் ஓட்டமாக நடந்தது. ஃபாரங்களில் கையெழுத்து, பணம், ரசீது. பத்மாஸினி யாருக்கோ போன் போட்டு ஒரு மினி லாரி வரவழைத்தாள். மூன்றரைக்கு வண்டியை ஏற்றிக் கயிறு போட்டுக் கட்டினார்கள். காவேரி ஒவ்வொரு முடிச்சாக இழுத்துப் பார்த்தாள்.

பார்த்துவிட்டுத் திரும்பினால் புருஷனைக் காணோம். கொட்டகைக்குப் பின்னாலிருந்து அவன் குரல் கேட்டது. போனில் பேசுகிறான். "சொல்லுங்கண்ணா" என்றது காதில் விழுந்தது. பாவி மனுஷன் மறுபடியும் ஒப்பிக்கிறானே! கையில் லாரிக்காரன் கொடுத்த மிச்சக் கயிறு இருந்தது. அதோடு விறுவிறுவென்று போனாள்.

"...இல்லீங்ணா, ஆகல. வண்டி சுத்தமா செரியில்ல" என்று சொல்லிக்கொண்டிருந்தான் ரத்தினவேல். "விடியறதுக்கு முன்னயே சூடு பண்ணி வெச்சிருந்தாங்க. எஞ்சின் ஆறுனதுக்கப்புறம் பாத்தா கெளம்பவே மாட்டேங்குது. கரும்பொகையா தள்ளுது. மட்கார்டெல்லாம் நெளிஞ்சு பெயிண்ட் அடிச்சது... ஆமாங்ணா, நல்லவேள, காசு குடுக்கல. கொள்ளேகால் பஸ்ஸுல ஏறிட்டோம். காவேரி தூங்கறா... நீங்க சொன்னபடி நம்ம வண்டியே போதுங்ணா, நீங்க வர்றப்ப வாங்க... ஏனுங்ணா, நீங்க எங்க இருக்கறீங்க? பஸ் ஆரன் கேக்குது?... ஓ, மைசூருக்கா? வேற சோலியா? செரிங்ணா, செரிங்ணா. அந்தப் பக்கம் யாராச்சும் வண்டி கேட்டா மட்டும் வாங்கிப்போட வேண்டாம்னு சொல்லிப்போடுங்க."

போனை அணைத்துச் சட்டைப்பைக்குள் போட்டான். திரும்பினால் காவேரி கயிற்றோடு நிற்கிறாள். அவன் கண்ணோரம் சிவந்திருந்தது.

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாகப் பொத்துக்கொண்டு வந்தன. நாற்பத்தெட்டு வயசில் முதல்முறையாக அண்ணனிடம் பொய் சொல்லியிருக்கிறான். அவன் கையை ஒருதரம் அழுத்திப் பிடித்துவிட்டு லாரியை நோக்கி நடந்தாள். நாளைக்கு விடியும்போது தன் காட்டில் தன் கலப்பை இறங்கும் என்று நினைக்க நினைக்க உடம்பு புல்லரித்தது.

நாலு எட்டு வைத்திருப்பாள். அப்போதுதான் அவளுக்கு அது உறைத்தது. அவன் பேச்சில் ஒரு திக்கலில்லை, திணறலில்லை. குரல்கூட இம்மி மாறவில்லை. பஸ்ஸில் ஏறியதாம், காவேரி தூங்குகிறாளாம்!

நின்று திரும்பினாள். "ஏனுங்க, உங்களுக்கு இப்புடிச் சொல்ல வருமா? இத்தன வருசத்துல எங்கிட்ட எத்தன சொன்னீங்க?"

ரத்தினவேல் லாரியின் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து, அவளைத் தூக்கிவிடக் கையை நீட்டினான்.

"ஏறு புள்ள, நேரமாச்சு" என்றான்.